தொட்டிச் சுவரில் நுரை வைத்தது யார்?

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், அம்மாவின் பழைய வளவில் வீடு கட்டிக் குடிவந்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை, குளியலறைச் சீமெந்துத் தொட்டிக்கு மேலே, சவர்க்கார நுரையைக் குழைத்து அப்பியது போலச் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டி. இரவில் அதே சுவரில் மண்ணிறத் தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மம்மா அதைத் ‘தேரை’ என்கிறார். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை விடக்கூடாது, பிள்ளைமேல் விழுந்தால் பிள்ளை தேய்ந்துபோகும், தும்புத்தடியால் அடித்துத் தள்ளு என்று நிற்கிறார். அது என்ன தவளை, நஞ்சு உள்ளதா, அந்த நுரை என்ன, கோடை முழுவதும் ஒன்றையும் காணவில்லையே, எங்கே போயிருந்தது? இவைதான் கேள்விகள்.

தங்கச்சி, முதலில் தும்புத்தடியைக் கீழே வையுங்கள். சுவரில் இருப்பது மரத்தவளை. நுரைக்கட்டி அதன் கூடு. உள்ளே சில நூறு முட்டைகள் இருக்கும். அது கடிக்காது, பிள்ளையைத் தேய்க்கவும் மாட்டாது. நுரையை இடம் மாற்ற வேண்டுமா என்பது, அந்தத் தொட்டித் தண்ணீரை நீங்கள் எதற்கு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தத் தவளையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் இலேசில் விடமாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் வீடுகளுக்குள் வரும் மரத்தவளை பெரும்பாலும் ஒரே இனம்தான். அறிவியற்பெயர் பொலிபீடேட்டஸ் மக்குலேட்டஸ். மக்குலேட்டஸ் என்றால் இலத்தீனில் புள்ளியுள்ளது. வங்காளத்திலிருந்து கிடைத்ததை வைத்து, 1830-இல் ஜோன் எட்வர்ட் கிறே என்ற ஆங்கில விலங்கியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். இந்தியா, வங்காளதேசம், நேபாளம், இலங்கை என்று பரந்து வாழ்கிறது. அழியும் நிலையில் உள்ள இனம் ஒன்றும் அல்ல. ஆண் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளம், பெண் 7 அல்லது 8 வரை வளரும். முதுகு வழுவழுப்பானது, மண்ணிறம், சாம்பல், வெளிர்மஞ்சள் என்று நேரத்துக்கு ஒரு நிறம். கண்ணுக்குப் பின்னால் செவிப்பறைக்கு மேலாக ஒரு கரிய பட்டை ஓடும். கண்மணி கிடையாகக் கீறியது போல இருக்கும்.

நிறத்தை நம்பி இனம் சொல்லப் போனால் ஏமாறுவீர்கள். அடையாளம் தொடையின் பின்பக்கத்தில் இருக்கிறது. தவளை குந்தியிருக்கும்போது அது தெரியாது. பாயும்போது காலை நீட்டுமே, அந்த ஒரு கணத்தில் கருமண்ணிறத்தின்மேல் மஞ்சள் வட்டப் புள்ளிகள் பளிச்சிடும். கண்ணாடி யன்னலில் ஒட்டியிருந்தால் உள்ளே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது விரல்களையும் பாருங்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு வட்டத் தட்டு, கண்ணாடியோடு அமுங்கி வெளிறிக் கிடக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தத் தட்டு, தேன்வதை போல அறுகோணக் கலங்கள் பதித்த தளம். கலங்களுக்கு இடையே நுண்ணிய வாய்க்கால்கள், வாய்க்கால்களில் சளிநீர். நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இழுத்துப் பிரிக்க முடியாமல் பிடித்துக்கொள்ளுமல்லவா, அதே பிடிதான் இதற்கும். பல்லியின் பிடி வேறு. பல்லிக்குப் பாதத்தில் மயிரினும் மெல்லிய காய்ந்த தும்புகள். அதற்கு ஈரம் தேவையில்லை. தவளைக்கு எல்லாவற்றுக்கும் ஈரம் வேண்டும். சுவரில் ஏறுவதற்குக்கூட அது கொஞ்சம் தண்ணீர் செலவழிக்கிறது.

இனி அம்மம்மாவின் வழக்கு. அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். பெயர் விடயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் தேரை என்றால் சொறித்தவளை, முதுகெல்லாம் பருப்பருவாக நிலத்தில் தத்தித் திரிவது. ஊர்ப்பேச்சில் அப்படியில்லை. தண்ணீரில் கிடப்பது தவளை. சுவரில், கூரையில், மரத்தில் பாய்வது தேரை. ‘தேரை மோந்த தேங்காய்’ என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். சொறித்தவளையால் தென்னையில் நாலு அடிகூட ஏற முடியாது. வட்டுக்குப் போய்த் தேங்காயை மோந்து பார்க்கக்கூடியது மரத்தவளைதான். ஆகவே அந்தப் பழம்பேச்சில் வரும் தேரை உங்கள் குளியலறைச் சுவரில் இருப்பதே என்பது என் கட்சி.

மோந்தால் தேங்காய் கெடுமா என்பது வேறு கதை. உள்ளே பருப்பில்லாத தேங்காய்க்குக் காரணங்கள் தெரிந்தவைதான்: மகரந்தச்சேர்க்கை சரியாக நடக்காதது, பொட்டாசியம், போரன் போன்ற சத்துக்கள் மண்ணில் குறைந்தது, குரும்பைப் பருவத்தில் வறட்சி. தவளை வட்டுக்குள் போவது மட்டை இடுக்கில் கொஞ்சம் ஈரமும் நிழலும் இருப்பதால். கடும் வறட்சியில் காய் ஒட்டுகிறது. அதே வறட்சியில் தவளையும் வட்டுக்குள் ஒளிகிறது. ஏறியவன் இரண்டையும் ஒன்றாகக் கண்டான், பழியைத் தவளைமேல் போட்டுவிட்டு இறங்கினான். இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைமேல் தேரை விழுவதும் அதே வகை. கை கால் சூம்பி, வயிறு முன்தள்ளி, தோல் சுருங்கிய பிள்ளை பார்வைக்குத் தவளை போலத் தோன்றியதால் அந்த நோய்க்கு அந்தப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அது போசணைக் குறைவு. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு கீழே இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், தவளையைத் தேடாதீர்கள். அம்மம்மாவுக்கு இதை இப்படியே சொல்ல வேண்டாம். “கிளினிக்கில் நிறை பார்த்தாச்சு, கூடியிருக்கு” என்று மட்டும் சொன்னால் போதும், அவருடைய பயத்துக்கு அதுதான் மருந்து.

நஞ்சைப் பற்றி இரண்டு வரி. சொறித்தவளைக்குக் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த சுரப்பிகள் உண்டு. நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். மரத்தவளைக்கு அந்தச் சுரப்பிகள் இல்லை. ஆனாலும் எந்தத் தவளையைத் தொட்டாலும் கையைக் கழுவுங்கள், கழுவும்வரை கண்ணைக் கசக்காதீர்கள். தவளையின் பக்கமிருந்து பார்த்தால் தொடாமல் இருப்பதே நல்லது. நம் கையில் இருக்கும் சவர்க்காரமும் நுளம்பு எண்ணெயும் அதன் தோல் வழியே உள்ளே போய்விடும்.

‘கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன்’ என்று கடவுளைச் சொல்வார்கள். உங்கள் நான்காவது கேள்விக்கான விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வன்னியின் மழைக்கணக்கு உங்களுக்குத் தெரியும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் இரண்டு மூன்று இடிமழை. பிறகு வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அடித்துக்கொண்டே இருக்கும். வெக்கை ஒரு பக்கம். காற்று அதைவிடக் கொடுமை. ஈரத்துணியை அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். தவளையின் தோலும் ஒரு ஈரத்துணிதான். அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் அழுத்திவைத்து உறிஞ்சிக்கொள்கிறது. எந்தத் தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறதோ அதே தோல் வழியாக வெளியேயும் போகும். அப்படியிருக்க இந்தக் காற்றில் ஐந்து மாதம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

என் வீட்டுப் படலைக்குப் பதிலாகப் போட்ட இரும்புக் கேற்றின் மேல் குழாய் வாய் திறந்தபடி கிடந்தது. ஓர் ஆனி மாதம் அதற்குள் ஒரு மரத்தவளை குடியேறியது. பாலுக்குப் போகும் வழியில் காலைதோறும் குனிந்து பார்ப்பேன். பின்னங்கால்களை உடலோடு ஒட்டி மடித்து, கைகளை நெஞ்சுக்குக் கீழே செருகி, தாடையைத் தளத்தில் பதித்து, கண்ணை முக்கால்வாசி மூடி, ஒரு கூழாங்கல் போல இருக்கும். விரல் ஒன்றுகூட வெளியே தெரியாது. காற்றுப் படக்கூடிய தோலின் அளவை அது இயன்றவரை குறைத்துவிட்டது. வயிற்றுப் பக்கம், உறிஞ்சவும் இழக்கவும் கூடிய மெல்லிய தோல், இரும்போடு ஒட்டி மூடிக் கிடந்தது. நிறமும் மாறியிருந்தது: மண்ணிறம் போய் வெள்ளைக்குச் சற்றே குறைந்த சாம்பல். பகல் வெக்கையில் நிறம் வெளிறுவது இதன் வழக்கம். வெள்ளையடித்த சுவரில் இப்படி வெளிறிக் கிடந்ததைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் இதற்குச் ‘சுனாம் தவளை’ என்று பெயர் வைத்தார்கள். நம்முடைய சுண்ணம்தான் அவர்கள் வாயில் சுனாம் ஆனது.

ஆனால் மடங்கிக் கிடப்பது மட்டும் போதாது. இதற்கு இன்னொரு வித்தை தெரியும். 1997-இல் ஹார்வி லில்லிவைட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இந்திய ஆய்வாளர்கள் சிலரும் இதே இனத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காய்ந்த சூழலில் இந்தத் தவளையின் தோற்சுரப்பிகள் கொழுப்பும் சளியும் கலந்த ஒரு கசிவை வெளியே விடுகின்றன. தவளை அதைக் கைகளாலும் கால்களாலும் உடம்பெங்கும் வழித்துத் தேய்க்கிறது. தேய்த்து முடித்தபின் அசையாமல் அமர்ந்துவிடுகிறது. அந்தப் பூச்சு தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது.

இதை நானும் ஒருமுறை கண்டேன், அதன் பொருள் தெரியாத காலத்தில். கேற்றை யாரோ ஓங்கிச் சாத்தியதில் அது குழாயிலிருந்து வெளியே வந்து தூணில் குந்தியது. பிறகு ஒரு கையால் தலையைத் தடவியது. கண்ணுக்கு மேல், செவிப்பறைக்கு மேல், தாடையின் கீழ். பின்னங்காலைத் தூக்கி முதுகில் இழுத்தது, மறுகாலால் மறுபக்கம். பூனை முகம் கழுவுவது போல என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

மூன்றாவது காப்பு சிறுநீர்ப்பை. தவளையைப் பிடித்தால் கையில் தண்ணீர் போல ஒன்றைப் பீய்ச்சிவிட்டுப் பாயும். கண்ணில் பட்டால் குருடு என்று பயமுறுத்துவார்கள். குருடாக்காது. பல தவளையினங்களைப் போல இதற்கும் சிறுநீர்ப்பைதான் தண்ணீர்த் தாங்கி. காய்ந்த நாட்களில் அதிலிருந்து தண்ணீரை மீண்டும் உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும். ஆடி மாதத்தில் தவளையைத் துரத்தி அந்தத் தண்ணீரைக் கொட்டவைப்பது, தண்ணீர் பவுசர் வராத வாரத்தில் ஒருவர் வீட்டுத் தாங்கியைக் கவிழ்ப்பதற்குச் சமம்.

சாப்பாடு? பெரிய கவலை இல்லை. நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்திருக்க அது எரிபொருள் செலவழிப்பதில்லை. அசையாமல் கிடந்தால் மாதக்கணக்கில் மிகக் கொஞ்சத்தோடு ஓட்டிவிடும். கல்லுக்குள் தேரைக்குப் படியளப்பது பெரும்பாலும் இந்தச் சிக்கனம்தான்.

ஆகவே கோடையில் அவை எங்கேயும் போகவில்லை. மின்மானிப் பெட்டிக்குள், சுவர்க் கலண்டருக்குப் பின்னால், வாழை மட்டை இடுக்கில், பனையின் பன்னாடைக்குள், கிடுகு அடுக்கின் நடுவில், மலசலகூடத் தண்ணீர்ப்பெட்டியின் மூடிக்குக் கீழே இருந்தன. வன்னியில் நாம் கட்டும் குளியலறை, தவளையின் கண்ணுக்கு வற்றாத ஒரு மரப்பொந்து. மேலாக இரவில் மின்குமிழ், அதைச் சுற்றி ஈசலும் வண்டும் நுளம்பும். அதற்கு வேறென்ன வேண்டும்?

முதல் பெருமழை விழுந்த இரவில் கதை மாறுகிறது. ஆண்கள் முந்திக்கொண்டு தண்ணீர் தேங்கிய இடத்தைத் தேடிப் போய்ச் செடியிலோ சுவரிலோ இருந்து கத்தும். குளத்துத் தவளைகளின் பெருங்கூச்சலுக்குள் இதன் குரலைப் பிரித்தெடுக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்: காய்ந்த பலகையில் விரல் மொழியால் தட்டுவது போல, டக்… டக்-டக்-டக். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுவது பாம்பு கேட்டால். பெண் கேட்டால் குடும்பம். பெண் வந்ததும் ஆண் அதன் முதுகில் ஏறிக் கமக்கட்டுக்குக் கீழே இறுகப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுமந்துகொண்டு பெண்தான் இடம் தேடும். தண்ணீருக்கு நேர் மேலே இருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் படக்கூடாது. காட்டில் என்றால் குட்டைக்கு மேல் சாய்ந்த கொப்பு, இலை. வீட்டில் என்றால் தொட்டிச் சுவர்.

போர் முடிந்து 2010 மாரியில் நாங்கள் ஊருக்குத் திரும்பிவந்தபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை, யன்னல் இல்லை. குளியலறைத் தொட்டி மட்டும் உடையாமல் இருந்தது. மழைத்தண்ணீர் பாதிக்கு நின்றது. சன்னம் பட்டுக் குழி விழுந்த சுவரில் மூன்று நுரைக்கூடுகள். தறப்பாளை வளவில் கட்டிக்கொண்டு படுத்தோம். அந்த மாரியில் ஒரு நாள் இரவு லாம்பைத் தூக்கிக்கொண்டு போய், நாலாவது கூடு கட்டப்படுவதை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். அதுவரை கரும்பலகையில் வெண்கட்டியால் கீறித்தான் காட்டியிருக்கிறேன்.

பெண் தலை மேல்நோக்கிச் சுவரைப் பற்றியிருந்தது. ஆண் அதன் முதுகில், பாதி அளவுதான். பெண்ணின் பின்பக்கத்திலிருந்து தெளிவான பசைநீர் கொஞ்சம் வழிந்தது. சூலகக்கானில் சுரப்பது அது. உடனே இரண்டு பின்னங்கால்களும் வேலையைத் தொடங்கின. உள்ளங்கால்களை வெளிப்பக்கமும் உட்பக்கமுமாக மாறி மாறி வீசி அந்த நீரை அடித்தது. கேக்குக்கு வெள்ளைக்கரு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை, அதே மாற்றம்: முதலில் பெரிய குமிழ்கள், பிறகு சிறியவை, பிறகு குமிழே தெரியாத தடித்த வெண்ணுரை. ஒரு பத்து வீச்சு, ஓர் ஓய்வு. ஓய்வில் இருவரும் அசையமாட்டார்கள். பிறகு மறுபடி நீர், மறுபடி வீச்சு. நுரை ஓரளவு திரண்டதும் முட்டைகள் வெளிவரத் தொடங்கின; கருமை இல்லாத, வெளிறிய சிறு மணிகள். ஆண் விந்தை விட, கால்கள் எல்லாவற்றையும் நுரைக்குள்ளே கலந்துவிட்டன. நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. லாம்பில் எண்ணெய் முடிந்துவிட்டது. காலையில் தேசிக்காயைவிடப் பெரிய ஒரு கட்டி, தாய் தகப்பன் இருவரும் இல்லை. கட்டி முடித்தபின் அவை திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏன் இவ்வளவு பாடு? குளத்தில் முட்டை இட்டால் மீன் தின்னும். தரையில் இட்டால் காய்ந்துபோகும். இந்த இனம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டது: ஒரு சிறு குளத்தையே தண்ணீருக்கு மேலே தூக்கி ஒட்டிவிட்டது. நுரையின் வெளிப்பக்கம் ஒரு நாளில் காய்ந்து மஞ்சள் மண்ணிறப் பொருக்கு ஆகும்; உட்பக்கம் ஈரமாகவே இருக்கும். குமிழ்களில் அடைபட்ட காற்று முட்டைகளுக்கு மூச்சு. வெயிலின் சூட்டையும் அது ஓரளவு தடுக்கும். சவர்க்கார நுரை சில நிமிடத்தில் அடங்கிவிடும், இது நாட்கணக்கில் நிற்கிறது என்றால் அதிலுள்ள புரதங்களின் வேலை அது. இதன் நெருங்கிய உறவான மலேசிய மரத்தவளை ஒன்றின் நுரையில் நீலநிறப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்து 2008-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் ரனாஸ்மேர்பின். சிறுவர் கார்ட்டூனில் வரும் நீலக் குள்ளர்களான ஸ்மேர்ப்களை நினைத்து வைத்தது. விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

மூன்று நான்கு நாளில் முட்டைகள் பொரிக்கும். வாற்பேத்தைகள் நுரைக்குள் நெளிய, கட்டி அடியில் இளகி, சொட்டுச் சொட்டாக அவற்றைக் கீழே விடும். கீழே தண்ணீர் இருந்தால் பிழைத்தன. ஐப்பசியில் ஒரு மழை பெய்துவிட்டுப் பத்து நாள் வானம் வெளிக்கும் ஆண்டுகளில் தோட்டத்துக் குழிகளுக்கு மேல் கட்டிய கூடுகள் அப்படியே காய்ந்த சருகாகத் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். விதைத்த நெல் கருகுவதும் அதே கிழமைகளில்தான்.

இங்கே என் மடத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை குடிதண்ணீர்த் தொட்டிக்கு மேல் இருந்த நுரையைப் பெருமையோடு சிரட்டையில் ஏந்திக்கொண்டு போய், கிணற்றடியில் மாட்டுக்கு வைத்த தொட்டிக்கு மேலே பொருத்தினேன். அந்தத் தொட்டியில் நுளம்புக் குடம்பிக்காகக் கப்பி மீன் விட்டிருந்ததை மறந்துபோனேன். மூன்றாம் நாள் காலை கப்பிகள் எல்லாம் நுரைக்குக் கீழே வரிசையில் நின்றன. சொட்ட சொட்ட விழுங்கின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீனிலிருந்து தப்புவதற்காகவே நுரை கட்டும் ஒரு பிராணியின் பிள்ளைகளை, உயிரியல் படிப்பித்தவன் கொண்டுபோய் மீன்வாயில் ஊட்டிய கதை இது. என் மனைவி இன்றும் விருந்தாளிகளுக்குச் சொல்வாள்.

மீனில்லாத தண்ணீரில் விழுந்தால் வாற்பேத்தைகள் பாசியையும் அழுகிய இலையையும் அரித்துத் தின்று, ஒன்றரை இரண்டு மாதத்தில் கால் முளைத்து வெளியேறும். நுளம்பு பெருகும் என்ற பயம் வேண்டாம். இலங்கையில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சில தவளையினங்களின் வாற்பேத்தைகளை டெங்கு நுளம்பின் முட்டைகளோடு விட்டுப் பார்த்தார்கள். அவை முட்டைகளைத் தின்றன. நம் தவளையின் சகோதர இனமான பொலிபீடேட்டஸ் குருசிகர் அதில் இருந்தது. அதற்காகத் தொட்டியை மூடாமல் விட்டுவிட்டுத் தவளையை நம்பியிருங்கள் என்று சொல்லமாட்டேன்.

குருசிகரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 1852-இல் எட்வர்ட் பிளைத் பெயர் வைத்தது. இலங்கைக்கு வெளியே கிடையாது. முதுகில் உடுக்கு வடிவில் ஒரு கரிய அடையாளம் இருக்கும். பெரிதாக வளரும். தலைத்தோல் மண்டையோட்டோடு ஒட்டிப்போயிருக்கும். நம் வீட்டுத் தவளைக்குத் தோல் தளர்வாக இருக்கும். தெற்கே ஈரவலயத்துக்குப் போனால் அதைப் பார்க்க வாய்ப்புக் கூட. மலைநாட்டுக் காடுகளில் பற்றைத்தவளைகள் என்ற பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றுக்கு நுரையும் இல்லை, வாற்பேத்தையும் இல்லை. தரையில் இட்ட முட்டைக்குள்ளேயே முழுத்தவளையாகி வெளியே வரும். ஈரமான மலைக்கு அது சரிவரும். எங்கள் சோளகத்தில் அத்தகைய முட்டைகள் பாடு திண்டாட்டம்.

இதைத் தின்பவை பல. கொம்பேறிமூக்கனும் பச்சைப்பாம்பும் முதல் எதிரிகள், செண்பகமும் விடாது. குளியலறையில் தவளை இருந்தால் பாம்பு தேடி வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வரலாம். இவ்விரண்டும் ஆளைக் கொல்லும் பாம்புகள் அல்ல, ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் பாம்பு பாம்புதான். யன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள், கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள். பாம்பும் வராது, தவளையும் தானாக வெளியே கிணற்றடிக்குப் போய்விடும். அடித்துக் கொல்வதைவிட இது மலிவு.

இப்போது உங்கள் நுரை. தொட்டித் தண்ணீர் குளிக்க, கழுவ மட்டும் என்றால் நுரையால் கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் தொட்டியை நீங்கள் தினமும் இறைப்பீர்கள், சவர்க்காரம் தெறிக்கும், பேத்தைகள் பிழைக்காது. குடிக்க, சமைக்க எடுப்பதென்றால் கட்டாயம் மாற்றுங்கள். வெளிப்பொருக்குக் காய்ந்தபின், மாலையில், ஒரு தட்டையான மட்டைத் துண்டை அல்லது பழைய தோசைக்கரண்டியைத் தண்ணீரில் நனைத்து, சுவரோடு ஒட்டி மேலிருந்து மெதுவாகச் செருகி, கட்டி உடையாமல் எடுங்கள். அகலமான பிளாஸ்ரிக் பேசினில் நாலு விரல் உயரத்துக்கு மழைத்தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். பேசினின் குறுக்கே இரண்டு ஈர்க்குக் கட்டை வைத்து அதன்மேல் நுரையை இருத்துங்கள். இடம் வேப்பமர நிழல் போதும், கோழிக்கு எட்டக்கூடாது. பேத்தைகள் விழுந்தபின் கொஞ்சம் பாசியும் ஒருபிடி அவித்த கீரையும் போடலாம். அதிகம் போட்டால் தண்ணீர் நாறும். சில நூறும் ஒரு பேசினில் வளராது, ஒரு கிழமை போனதும் பாதியை மீனில்லாத ஏதாவது குட்டையில் விட்டுவிடுங்கள். முன்னங்கால் முளைக்கத் தொடங்கியதும் ஒரு கொப்பைப் பேசினுக்குள் சாய்த்து வைக்க மறக்காதீர்கள். வால் வற்றும் நாட்களில் அவை தண்ணீரைவிட்டு ஏறிக் காற்றில் இருக்க வேண்டும், ஏற இடமில்லாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும்.